ஃபிளட் லைட்டைத் தாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்: ஒளிக்காட்சி வைக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



தீபாவளிக்கு மாட்டிய விளக்கைக் கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் சேர்த்தே வைத்திருந்து, புத்தாண்டு கழிந்தபின் இறக்கும் வீடுகளுக்கு இந்த மடல். அதிலும், விளக்கு மாட்டுவதோடு நிற்காமல், பாட்டுக்கு ஏற்ப வீட்டு முகப்பையே ஆடவைக்கும் உங்களுக்கு. கூரை விளிம்பில் பிக்சல் சரம், புல்தரை நடுவே கூம்பாக மெகா ட்ரீ, கராஜில் கன்ட்ரோலர் பெட்டி, அதற்குள் ராஸ்பெர்ரி பை என்ற சிறுகணினி, தெருவில் நிற்கும் காருக்குள் எஃப்எம்மில் பாட்டு. ஆகஸ்டிலேயே சாலிடரிங் அயர்னைக் கையில் எடுப்பவர்கள் நீங்கள். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு விளக்குகளைக் கோக்க எக்ஸ்லைட்ஸ் மென்பொருளில் எத்தனை இரவு உட்கார வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். சுவரடியில் வைத்திருக்கிறீர்களே, அந்த ஃபிளட் லைட்டுகளைத் தாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரத்தில் இருக்கும் பிக்சல் தன்னைக் காட்டிக்கொள்ளும் விளக்கு. எவ்வளவு வேகமாக மின்னினாலும் மின்னுவது அந்தப் புள்ளி மட்டுமே. ஃபிளட் லைட் அப்படியல்ல. அதன் வேலை வேறொன்றைக் காட்டுவது. அதை ஒவ்வொரு அடிக்கும் ஏற்றி அணைத்தால் துடிப்பது இரண்டு மாடி வீடு. கூடவே ஓரத்து மேப்பிள் மரமும், எதிர்வீட்டுப் படுக்கையறைத் திரையும், நடைபாதையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவரின் முகமும் துடிக்கும். கச்சேரியில் மிருதங்கம் எந்த வேகத்தில் போனாலும் தம்புரா தன் நிதானத்தில் மீட்டிக்கொண்டிருக்கும். தம்புராவும் தாளம் போடத் தொடங்கிவிட்டால் பாட்டுக்கு நிற்க இடமில்லை. நம் முகப்பில் தம்புராவின் இடம் ஃபிளட் லைட்டுடையது. பிக்சலும் விளக்கு வளைவான ஆர்ச்சும் மெகா ட்ரீயும் ஆடட்டும், சுவர் சுருதி பிடிக்கட்டும்.

பழைய பல்புக் காலத்தில் இந்தப் பேச்சுக்கே தேவை இருக்கவில்லை. 120 வோல்ட், 15 ஆம்பியர் வீட்டு சர்க்யூட் 1,800 வாட் தாங்கும். தொடர்ந்து எரியும் சுமை என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 1,440 வாட் வரைதான் ஏற்றலாம். 100 வாட் பல்பு பத்து வைத்து வீட்டுக்கு வெளிச்சம் போட்டால் அங்கேயே 1,000 வாட் போய்விடும். மிச்சத்தில்தான் மற்றதெல்லாம். இன்று 10 வாட் ஆர்ஜிபி எல்ஈடி ஃபிளட் பத்து வைத்தாலும் மொத்தம் 100 வாட்தான். பிரேக்கர் விழாது, மின்கட்டணமும் உறுத்தாது. முன்பு கம்பி போட்டிருந்த எல்லையை இப்போது நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். 2014 டிசம்பரில் நாசா விஞ்ஞானிகள் சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் தரவுகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டுப் பருவத்தில் அமெரிக்காவின் பல பெரிய நகரங்களில் இரவு வெளிச்சம் 20 முதல் 50 சதவீதம்வரை கூடுகிறது. நகரின் நடுப்பகுதியைவிடப் புறநகரங்களில்தான் அந்த ஏற்றம் அதிகம். தனி வீடும் முன்புற முற்றமும் இருக்கும் இடங்கள் அவை. நாம் குடியிருப்பதும் அங்கேதான்.

விளக்கை ஆடவைக்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882 டிசம்பரில் தன் நியூயார்க் வீட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளை மரத்தில் கட்டினார். மின்விளக்கு எரிந்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுதான். மரம் சுழலச் சுழல விளக்குகள் மாறி மாறி எரிந்து அணைந்தன. 122 ஆண்டுகள் கழித்து, 2004இல், ஒஹையோ மாநிலத்து மேசன் ஊரில் கார்சன் வில்லியம்ஸ் என்ற மின்பொறியாளர் 16,000 விளக்குகளை 88 சேனல்களில் கட்டி, ட்ரான்ஸ்-சைபீரியன் ஆர்கெஸ்ட்ராவின் ‘விசர்ட்ஸ் இன் விண்டர்’ இசைக்கு ஆடவைத்தார். அடுத்த ஆண்டு அந்த வீடியோ உலகம் சுற்றியது. இன்று நாம் செய்யும் அத்தனைக்கும் அது ஒரு வித்து.

மேசன் காட்சியில் எனக்குப் பிடித்த விஷயம் விளக்கின் எண்ணிக்கை அல்ல, ஒலியை அவர் கையாண்ட விதம். பக்கத்து வீட்டுக்காரர் டிசம்பர் முழுவதும் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று குறைந்த சக்தி எஃப்எம்மில் ஒலிபரப்பினார். காரில் வந்தவர் ரேடியோவைத் திருப்பினால் பாட்டு, திருப்பாவிட்டால் அமைதி. நாமும் அதையேதான் செய்கிறோம். உரிமமில்லாத எஃப்எம் ஒலிபரப்புக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வைத்திருக்கும் வரம்பில் அது ஏறத்தாழ 200 அடிதான் எட்டும். வீட்டு முன்னால் நிற்கும் வண்டிகளுக்கு அது போதும். இத்தனை யோசித்த அந்தக் காட்சியும் 2005 டிசம்பரில் நின்றது. பார்க்க வந்த வண்டிகள் தெருவை அடைத்ததில், அருகே நடந்த ஒரு விபத்துக்குப் போலீஸ் வண்டி வந்து சேரச் சிரமப்பட்டது. வில்லியம்ஸ் தாமாகவே விளக்கை அணைத்தார்.

பாட்டு வேண்டாம் என்பவருக்கு நாம் ஒரு வழி வைத்திருக்கிறோம். வெளிச்சம் வேண்டாம் என்பவருக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திருப்பிக்கொள்ள ஒரு குமிழ் இல்லை. ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் 1986இல் மகளுக்காக ஏற்றத் தொடங்கிய விளக்கு முப்பது லட்சத்தைத் தாண்டி வளர்ந்தபோது, அண்டை வீட்டார் நீதிமன்றம் போனார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை நடந்தது. விளக்குகள் 1995இல் ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவுக்குக் குடிபெயர்ந்து, 2006 முதல் இசைக்கு ஆடி, 2016 ஜனவரியில் அணைந்தன. லட்சக்கணக்கான பேர் பார்த்து மகிழ்ந்த காட்சிதான். ஆனால் அது தொடங்கிய தெருவில் அதற்கு இடம் இல்லாமல் போனது. நம் வீடு டிஸ்னி பூங்காவுக்குள் இல்லை என்பதால், தெருவோடு ஒத்துப்போகும் வெளிச்சத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அது முடியும். அதற்கு முதலில் விளக்கை வைக்கும் இடம் சரியாக அமைய வேண்டும்.

விலை மலிவான ஃபிளட் லைட்டின் ஒளி பெரும்பாலும் 120 பாகை அகலத்தில் விரியும். அதைப் புல்தரை நடுவில், சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்தால் சுவருக்குப் போவதைவிட வானத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் போவது அதிகம். சுவருக்கு இரண்டு மூன்று அடிக்குள் கொண்டுவாருங்கள். மேல்நோக்கிச் சாய்த்து, வெளிச்சம் கூரைச் சரிவின் அடிப்பலகையில் முட்டி நிற்கும்படி வையுங்கள். மிஞ்சும் ஒளியை அந்தப் பலகை வாங்கிக்கொள்ளும். கூரை நீட்டமில்லாத பக்கச் சுவர் என்றால் மேலிருந்து கீழே அடியுங்கள். பக்கவாட்டில் கசிவதற்கு ஒரு மறைப்புத் தகடு போதும். கருப்புப் பெயின்ட் அடித்த அலுமினியத் துண்டு அந்த வேலையைச் செய்துவிடும். பிறகு ஒரு நாள் இருட்டியபின் தெருவைக் கடந்து எதிர்வாசலில் நின்று பாருங்கள். விளக்கின் முகமே கண்ணில் படுகிறதென்றால் அது வைக்கப்பட்ட கோணம் தவறு. அங்கிருந்து சுவர் மட்டும்தான் தெரிய வேண்டும்.

கிட்டத்தில் வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. நேர் எதிரே தூரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் நிழலை அழித்துவிடும். செங்கல், கல், மரப்பலகை எல்லாம் தட்டையாகிவிடும். சுவரை உரசிக்கொண்டு ஏறும் வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு செங்கல் வரியும் எழுந்து நிற்கும். கோபுரத்தைக் கீழிருந்து வெளிச்சம் போட்டு நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு, சுதைச் சிற்பத்தின் மடிப்புகளெல்லாம் அப்போதுதான் தெரியவரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தைச் சுவரைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். செங்கல் சிவப்பையும் அம்பரையும் வாரி வழங்கும், நீலத்தை விழுங்கிவிடும். நீலம் போதவில்லையே என்று வெளிச்சத்தைக் கூட்டினால் செங்கல் பளிச்சிடாது, பக்கத்து வெள்ளைச் சன்னல் சட்டம்தான் கண்ணைக் குத்தும். வெள்ளை சைடிங் எல்லா நிறத்தையும் ஏற்கும். ஆகவே அங்கே பாதி வெளிச்சமே தாராளம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுக்க ஏற்றிச் செய்யும் வெள்ளையில் கல்லும் மரமும் வெளிறித்தான் தெரியும். நல்ல வெள்ளை வேண்டுமென்றால் நான்காவதாக வெதுவெதுப்பான வெள்ளை எல்ஈடியும் சேர்ந்த ஆர்ஜிபிடபிள்யூ ஃபிளட்டுக்குச் செலவிடுங்கள். கார்த்திகைக்கு மண் அகல் வரிசைக்குப் பின்னால் சுவரில் இருபது சதவீத வெதுவெதுப்பான வெள்ளை மட்டும் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் தேவைப்படாது.

இனி கட்டுப்பாடு. முதலில் ரிமோட்டோடு வரும் பெரிய கடை ஃபிளட்டுகளைப் பற்றி. அவற்றை இசைக்காட்சியில் சேர்க்க வழி தேடாதீர்கள். பழைய பல்புக்காகச் செய்யப்பட்ட ஏசி கன்ட்ரோலரில் மாட்டி ஏற்றி இறக்குவதற்கு, உள்ளே இருக்கும் எல்ஈடி டிரைவர் ஏற்றதல்ல. விளக்கு மங்காது, நடுங்கும். மின்சாரம் வந்து சில கணம் கழித்துத்தான் விழிக்கும். பல மாதிரிகள் விழித்ததும் தன் சொந்த நிறத்தில் தொடங்கும். நாளுக்குப் பலநூறு முறை இப்படி மின்சாரத்தை வெட்டினால் சீக்கிரம் செத்தும் போகும். மின்சாரத்தை எப்போதும் கொடுத்துவிட்டு, கட்டளையைத் தனிக் கம்பியில் அனுப்பும் விளக்கே நமக்கு வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று டிஎம்எக்ஸ்512. 1986இல் நாடக மேடை விளக்குகளுக்காக அமெரிக்காவில் வகுத்த முறை அது. ஒரு கம்பியில் 512 சேனல். ஆர்ஜிபி ஃபிளட் ஒன்றுக்கு மூன்று சேனல் போதும் என்பதால் ஒரே கம்பியில் வீடு முழுவதும் அடங்கும். வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் ரெசிஸ்டரைப் போட மறக்காதீர்கள். காரணம் தெரியாமல் விளக்கு நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. இன்னொரு வழி, உள்ளேயே டபிள்யூஎஸ்2811 சிப் வைத்த 12 வோல்ட் ஃபிளட். அது கன்ட்ரோலருக்கு வெறும் ஒரு பிக்சல். சரத்தோடு சரமாக அதே போர்ட்டில் சேர்ந்துகொள்ளும். எளிமைக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

12 வோல்ட்டில் தூரத்தைக் கவனியுங்கள். 18 கேஜ் கம்பியில் 50 அடி தள்ளி 10 வாட் ஃபிளட் ஒன்று என்றால் அரை வோல்ட்தான் விழும். அதே இடத்தில் நான்கை வரிசையாக மாட்டினால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழும். வெள்ளை கேட்டால் சிவந்த வெள்ளை வரும், ஏனென்றால் நீல, பச்சை எல்ஈடிக்கு அதிக வோல்டேஜ் தேவை. சிவப்பு குறைவிலேயே எரியும். கம்பியின் கனத்தைக் கூட்டுங்கள் அல்லது பவரை நடுவில் இன்னொரு முறை ஊட்டுங்கள். இணைப்பு முனைகளைப் புல்லில் கிடக்க விடாதீர்கள். மின்கசிவைக் கண்காணிக்கும் ஜிஎஃப்சிஐ, வெறும் ஐந்து மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுத்துவிடும். மழை நாளில் காட்சி பாதியில் நின்றதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

தாளத்திலிருந்து எடுத்த ஃபிளட்டை மெதுவாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்ஈடி கொடுத்த எண்ணுக்கு நேர்விகிதத்தில் எரியும், நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. 255இல் 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் என்று தோன்றாது, ஏறத்தாழ முக்கால் வெளிச்சம் என்றே தோன்றும். அதனால் பத்து வினாடி இறக்கம் கொடுத்தாலும் முதல் ஐந்து வினாடியில் பெரிதாக ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, கடைசியில் திடுமென்று அணையும். எக்ஸ்லைட்ஸில் ஒவ்வொரு மாடலுக்கும் டிம்மிங் கர்வ் இருக்கிறது. ஃபிளட்டுக்குக் காமா 2.2க்கு அருகில் வைத்துப் பார்த்து, உங்கள் சுவருக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ அமையுங்கள். அப்படி வைத்தபின் அடிமட்டத்தில் வேறொரு தொல்லை தெரியும். எட்டு பிட் எண்ணில் கீழே படிகள் குறைவு, ஆகவே சுவர் முழுக்கப் படிப்படியாகக் குதித்து இறங்கும். சிறு பிக்சலில் இது கண்ணுக்குப் படாது, இருபதடிச் சுவரில் படும். பாட்டு நடுவில் பூஜ்யத்துக்குப் போகாமல் ஐந்து சதவீதத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது. அந்த மங்கலில் வீட்டின் உருவம் இருட்டில் நிற்கும், பிக்சல்கள் அதன்மேல் துலங்கும்.

அப்படியானால் ஒரு பாட்டில் ஃபிளட் என்னதான் செய்ய வேண்டும்? பல்லவிக்கு ஒரு நிறம், சரணத்துக்கு ஒரு நிறம், இடையிசைக்கு ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாலைந்து வினாடி எடுத்துக்கொண்டு கரையட்டும். பறையும் உருமியும் அதிரும் குத்துப்பாட்டுக்கும் இதுவேதான். அங்கே ஆர்ச்சும் சரமும் எவ்வளவு வேகமாக ஓடுகின்றனவோ, அவ்வளவுக்கு நிலையான சுவர் வேண்டும். பாட்டு உச்சத்துக்கு வரும் ஒரே ஒரு இடத்தில் சுவரையும் சேர்த்து ஏற்றினால் பார்ப்பவர் மூச்சு ஒரு கணம் நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் ஏற்றியிருந்தால் அந்த இடம் வரும்போது உங்கள் கையில் மிச்சம் எதுவும் இருக்காது.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் வெளிச்சம் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. கண்ணின் பார்வைப் பரப்பில் எவ்வளவு பகுதி பளிச்சிடுகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து கூடும். சரம் பளிச்சிடுவதும் முழுச் சுவர் பளிச்சிடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான காரணம் வேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு போக்கிமான் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை அளவில் மாறி மாறிப் பளிச்சிட்டன. 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிவப்பு, நீலம் மாறி மாறி என்பதை ஃபிளட்டில் அறவே விட்டுவிடுங்கள். வளைவில் திரும்பி வரும் ஓட்டுநருக்கு அது போலீஸ் வண்டியாகவும் தெரியும். ஸ்ட்ரோப் என்ற எஃபெக்டை ஃபிளட் வரியில் எந்தப் பாட்டுக்கும் போடாதீர்கள். சரங்களில் போட்டிருந்தால், முற்றத்துப் பலகையில் அதை எழுதி வையுங்கள். வெளிச்சமும் ஓசையும் மிகையானால் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தைகளோடு வரும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். மாலையில் முதல் அரைமணி நேரத்தைப் பளிச்சிடல் இல்லாத பாட்டுகளுக்கு ஒதுக்கினால் அவர்களும் வருவார்கள்.

டிசம்பர் மட்டும் விளக்கு வைப்பவர்கள் யோசிக்கத் தேவையில்லாத ஒன்றை நாம் யோசிக்க வேண்டும். நம் பருவம் தீபாவளியில், அதாவது அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே தொடங்குகிறது. வட அமெரிக்கப் பறவைகள் தெற்கே போய்க்கொண்டிருக்கும் காலம் அது. அவற்றில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானில் பாய்ச்சும் இரு ஒளித்தூண்களை ஆராய்ந்தவர்கள், ஏழு ஆண்டுகளில் ஏழே இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் தடம் மாறின என்று 2017இல் எழுதினார்கள். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழி போயின. அங்கே எரிவது 7,000 வாட் விளக்குகள் 88. நம்முடைய 10 வாட் அதற்கு முன் எம்மாத்திரம் என்பீர்கள். ஒரு தெருவில் ஒரு வீடென்றால் அது சரி. மேல்நோக்கிய ஃபிளட், பனிமூட்டம், மேகம் தாழ்ந்த இரவு, தெருவெங்கும் அதே மாதிரி என்று சேரும்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூரைப் பலகையில் முட்டி நிற்கும் வெளிச்சம் பறவைகளுக்கும் தொல்லையில்லை. தீபாவளி வாரத்தில் இரவு பத்துக்குச் சுவர் விளக்குகள் அணைந்துவிட்டால் அதுவும் நல்லது. ராஸ்பெர்ரி பையில் நேர அட்டவணை போட இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கடைசியாக, நாம் கைமாற்றிக்கொள்ளும் கோப்புகளைப் பற்றி. கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குச் சீக்வென்ஸ், அதாவது பாட்டுக்கு ஏற்ப விளக்கை ஆடவைக்கும் கோப்பு, விலைக்குக் கிடைக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு அப்படியில்லை. ஒருவர் இரவெல்லாம் கண்விழித்துச் செய்ததை மற்றவர் வாங்கித் தம் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறோம். அந்த நல்ல பழக்கம் தொடரட்டும். ஆனால் ஒரு கோப்பில் ஃபிளட் வரிகளுக்கு, ஒலிக்கு ஏற்ப ஏறி இறங்கும் வி.யு. மீட்டர் எஃபெக்டைப் போட்டிருந்தால், அது போய்ச் சேரும் ஒவ்வொரு வீட்டுச் சுவரும் அப்படியே துடிக்கும். ஆகவே அனுப்பும் முன் ஃபிளட் வரிகளை மட்டும் திறந்து, அடிக்கு அடி போட்ட எஃபெக்டுகளை நீக்கி, பல்லவி, சரணம், இடையிசை என்று மூன்று நான்கு நீண்ட நிறப்பட்டைகளைப் போட்டு அனுப்புங்கள். வாங்குபவர் வேறு மாதிரி வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளட்டும். இந்தத் தீபாவளிக்கு நான் அனுப்பப்போகும் கோப்புகள் எல்லாவற்றிலும் ஃபிளட் வரிகள் அப்படித்தான் இருக்கும். உங்களிடமிருந்து வருபவற்றிலும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்